கருமையும் செம்மையும்



கிரேக்கர் சுவரிலும் பலகையிலும் தீட்டிய ஓவியங்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. அவர்தம் ஓவியத் திறனை இன்று நமக்குக் காட்டுவன மதுச்சாடிகளும் எண்ணெய்க் குடங்களுமே. சுட்ட மண் உடையுமேயன்றி மக்குவதில்லை.

கி. மு. 6 ஆம் நூற்றாண்டில் அதென்சு நகரத்தார் செந்நிறக் கலங்களின்மீது கரிய உருவங்களைத் தீட்டினர். இம்முறை கொறிந்து நகரிலே முன்னரே தோன்றியது. அக்கருமை தனியானதொரு சாயமன்று. மண்ணை நீரிற் கரைத்துத் தெளியவைத்து எடுத்த நுண்களியேயாகும். சூளையினுள் முதலிற் காற்றைப் புகவிடுவர். கலம் முழுதுஞ் சிவக்கும். பின்னர்ப் பச்சை விறகிட்டுக் காற்றை அடைப்பர், முழுதுங் கறுக்கும். மீண்டும் காற்றைத் திறந்ததும் வெறும் மண் சிவந்துவிடும். களி பூசிய இடமோ கண்ணாடிபோல் இறுகிக் காற்றை ஏலாது கருமையாகவே நிற்கும். வெப்பமானி இல்லாத காலத்தில், தீயின் நிறத்தையும் புகையையும் பார்த்தே இத்தனையுஞ் செய்தனர் என்பதை எண்ணுமிடத்து, ஓவியனிலும் சூளை காத்தவனையே நான் வியக்கின்றேன்!

கரிய உருவத்தின் உட்கோடுகளைக் கூரிய ஊசியாற் கீறினர். இதில் எக்சீக்கியாசை விஞ்சினார் எவருமிலர். வத்திக்கானிலுள்ள அவருடைய சாடியில், அக்கிலீசும் ஏயாக்சும் ஈட்டியைக் கைவிடாது, பலகையின்மேற் குனிந்து காயாடுகின்றனர். ஒருவன் வாயருகே நான்கு என்றும், மற்றவன் வாயருகே மூன்று என்றும் எழுத்துக்கள் உள. ஆட்டம் எவன் பக்கம் என்பதைப் பார்ப்பவர் அறிந்துகொள்கின்றனர்.

கி. மு. 520 ஐ அடுத்து முறை தலைகீழாயிற்று. பின்புலத்தைக் கறுப்பாக்கி, உருவத்தை மண்ணின் செந்நிறத்திலேயே விட்டனர். ஊசி போய்த் தூரிகை வந்தது. தசையின் மடிப்பும் உடலின் திருப்பமும் எளிதாயின. போட்டியும் மூண்டது. இது யூபிரோனியசால் ஒருபோதும் இயலாத செயல் என்று யூதிமிதீசு ஒரு சாடியில் எழுதியே வைத்தார். அது மியூனிக் நகரில் இருக்கின்றது.

அந்த யூபிரோனியசு, உறக்கமும் சாவும் சார்ப்பிதோனின் உடலைத் தூக்கிச் செல்வதாகத் தீட்டிய பெருங்கலத்தை 1972 இல் நியூயோர்க் நூதனசாலையொன்று பத்து இலட்சம் டொலர் கொடுத்து வாங்கியது. இத்தாலியிலே எத்துரூரியர் கல்லறையொன்றைக் கள்ளர் அகழ்ந்தெடுத்த பொருள் அது. 2008 இல் இத்தாலிக்கு மீண்டது. கள்ளர் குறிப்பெழுதி வைப்பதில்லை. ஆதலின், அதென்சிலே செய்த அக்கலத்தைத் தம்முடன் புதைக்கச் செய்தவர் யார், அருகே வேறெவற்றை வைத்திருந்தார் என்னுஞ் செய்தி கலத்துடன் மீளவில்லை.