கொன்றை பூத்த நாள்



சரக்கொன்றை கேரளத்தின் மாநில மலர். விஷுத் திருநாளின் விடியலில் கணி காண வைக்கும் உருளியில் அப்பொன்னிறக் கொத்து இடம்பெறுவது அம்மண்ணின் மரபு. அண்மைக் காலமாகவோ, மாசி, பங்குனியிலேயே கொன்றை பூத்துவிடுகிறது என்ற பேச்சு அங்கே ஊர்தோறும் எழுந்துள்ளது. "எங்கள் காலத்தில் விஷுவுக்குத்தான் பூக்கும்" என்பர் முதியோர். அஃது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் எந்த மரம், எந்த ஆண்டு, எந்த நாள் என்று வினவினால் விடை கிடைப்பதில்லை. எழுதி வைத்தவர் அரியர்.

அவ்வெழுத்துப் பணியைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் பொதுமக்களிடமும் ஒப்படைத்த திட்டமே 'சீசன்வாட்ச்'. பெங்களூரு அறிவியலாளர்கள் தொடங்கிய இக்குடிமக்கள் அறிவியல் முயற்சியில், மாத்ருபூமி நாளிதழின் 'சீட்' இயக்கத்தின் வழியே கேரளப் பள்ளிகள் பெருமளவில் இணைந்தன. முறை எளிது. மாணவர் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரந்தோறும் அதே மரத்தைக் காண வேண்டும். தளிர், முதிர்ந்த இலை, பழுத்த இலை, அரும்பு, மலர், காய், கனி ஆகிய ஒவ்வொன்றும் இல்லையா, சிலவா, பலவா என்று குறிக்க வேண்டும். அவ்வளவே.

எளிய முறையிலும் இடறும் இடங்கள் உண்டு. மரம் பூத்துக் குலுங்கும்போது எழுத எந்தப் பிள்ளைக்கும் ஆர்வம் வரும். வெறுங்கிளையாய் நிற்கும்போது "என்ன எழுதுவது?" என்று கட்டத்தை வெறுமையாய் விட்டுவிடுவர். அங்கேதான் பிழை நேர்கிறது. வெற்றுக் கட்டத்தைக் காண்பவர், பூ இல்லை என்று கொள்வதா, பிள்ளை பார்க்கவே இல்லை என்று கொள்வதா? சென்ற வாரம் 'இல்லை', இந்த வாரம் 'சில' என்று இரண்டும் எழுத்தில் இருந்தால்தான் பூக்கத் தொடங்கிய வாரம் இன்னதென்று அறியலாம். 'இல்லை' என்பதும் ஒரு செய்தியே என்று வகுப்பில் உணர்த்துவது, மரத்தின் பெயரைக் கற்பிப்பதினும் அரிய பணி.

மற்றொன்று மதிப்பெண். இதனைத் தேர்வாக்கிவிட்டால், பிள்ளை மரத்தைப் பாராமல் ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். கொன்றை சித்திரையில் பூக்கும் என்று நூலில் படித்ததையே படிவத்தில் எழுதிவிடும். எதனைச் சோதிக்க முற்பட்டோமோ, அதுவே விடையாகத் திரும்பி வந்துவிடும்! மதிப்பெண் இன்றியமையாததென்றால், வாரம் தவறாமல் சென்று பார்த்தமைக்கு வழங்கலாம். கண்டது இன்னதென்பதற்கு வழங்கலாகாது.

கொன்றை பூக்கும் ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிகள் பூட்டியிருக்கும். ஆகவே வளாகத்து மரத்தினும் வீட்டருகே உள்ள மரமே ஏற்றது.

சப்பானியக் கியோத்தோ நகரில் செர்ரி மலர்ந்த நாள்களின் குறிப்புகள் ஆயிரத்து இருநூறு ஆண்டுத் தொன்மை வாய்ந்தவை. அரசவை நாட்குறிப்புகளிலிருந்தும் பிறர் எழுத்துகளிலிருந்தும் அவை திரட்டப்பட்டன. அதனாலன்றோ 2021ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அங்கே செர்ரி முழுமையாய் மலர்ந்தபோது, அத்தொடரில் அதுவரையிலான மிக முந்திய நாள் அது என்று உறுதியாகக் கூற முடிந்தது! எழுதியோர் தம் காலத்து விழாவைக் குறித்தனரேயன்றிப் பருவ மாற்றத்தை ஆய எண்ணினாரல்லர்.

பள்ளியின் பதிவேடு மட்டும் போதாது. ஆசிரியர் மாறுவார், அலமாரி மாறும், பழைய தாள்கள் எடைக்குப் போகும். அவ்வவ் வாரத்துக் குறிப்பை அவ்வப்போதே திட்டத்தின் பொதுத் தொகுப்பில் ஏற்றிவிட்டால், பத்து வயதுப் பிள்ளை இன்று எழுதிய 'இல்லை' அறுபது ஆண்டு கழித்தும் தேடுவோர்க்குக் கிடைக்கும்.