கட்டி பெரிதாகிவிட்டதா? முதலில் அளந்து பார்க்கட்டும்

மலேசியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அது வந்துவிட்டது என்றதும், கட்டியை அறுத்தெடுப்பதுதான் முதல் வேலை என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால், இன்று பல பெண்களுக்கு அந்த வரிசை மாறிவிட்டது. முதலில் கீமோதெரபி, பிறகுதான் அறுவை சிகிச்சை. பெரிய கட்டியைச் சுருக்கவும், முடிந்தால் மார்பகத்தைக் காப்பாற்றவும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகவும் இந்த முறை உதவுகிறது. அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய பி-18 எனும் ஆய்வில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள். கீமோவை அறுவைக்கு முன் கொடுத்தாலும் பின் கொடுத்தாலும், உயிர் பிழைப்போர் அளவில் வேறுபாடில்லை என்பது அதில் தெரிந்தது.

இந்த முறையில் ஒரு சோதனையும் இருக்கிறது. கட்டி உடம்பிலேயே இருக்கிறது. குளிக்கும்போது கை தானாக அங்கேதான் போகும். இரண்டு தவணை கீமோ முடிந்து, முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, சோறு இறங்காமல் இருக்கும் ஒரு குடும்பத் தலைவியை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் தொட்டுப் பார்க்கிறார். கட்டி முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பட்ட கஷ்டமெல்லாம் வீண்தானா? இதை அவர் கணவரிடமும் சொல்வதில்லை, டாக்டரிடமும் சொல்வதில்லை. வீட்டுக்கு வரும் நாத்தனார், "அண்ணி, கீமோ உங்களுக்கு ஒத்துவரலை. நிப்பாட்டிட்டு வேர் மருந்து சாப்பிடுங்க" என்கிறார். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

கைக்குப் பெரிதாகத் தெரிவதெல்லாம் வளர்ச்சி அல்ல. மருந்து பட்டு அணுக்கள் சாகும்போது உள்ளே வீங்கலாம், நீர் கோக்கலாம். ஊசி போட்டுச் சதை எடுத்த இடத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம். ஆகவே விரலின் கணக்கை நம்ப முடியாது. அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து, சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும்.

உண்மையாகவே வளர்வதும் உண்டா? உண்டு, ஆனால் அரிது. ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன் கீமோ பெற்ற 1,928 பேரில் 59 பேருக்கே, அதாவது 3 விழுக்காட்டினருக்கே, சிகிச்சையின்போது நோய் வளர்ந்திருந்தது.

அந்த 59 பேரில் ஒருவராக இருந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. அப்போதும் கதவு அடைபடுவதில்லை. 'சிவப்பு மருந்து' பலன் தரவில்லை என்றால் பக்லிடாக்செல் போன்ற வேறு மருந்துக்கு மாறலாம்; அறுவையை முன்கூட்டியே செய்யலாம்; சிலருக்கு மீண்டும் சதை எடுத்துக் கட்டியின் குணத்தைச் சோதிப்பார்கள். கட்டி முழுதாகக் கரையாமல் போவதுகூட ஒரு தகவல்தான். ஹெர்-2 வகை நோயில், கீமோவுக்குப் பிறகும் அறுவையில் நோய் மிச்சம் காணப்பட்ட பெண்களுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்ததில், நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2018-இல் வெளிவந்த கேத்தரின் ஆய்வின் முடிவு இது. கட்டி கரையவில்லை என்று தெரிந்ததால்தான் அந்த மாற்றமே சாத்தியமாயிற்று. பாதியில் கீமோவை விட்டுப் போனவருக்கு இந்த வழிகள் எதுவும் கிடைக்காது.

மாற்றம் தெரிந்த நாளைக் குறித்து வைத்து, மறுநாளே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அமுக்கிப் பார்ப்பதால் வலிதான் மிச்சம். டாக்டரிடம், "முதல் ஸ்கேனில் எத்தனை மில்லிமீட்டர், இப்போது எத்தனை?" என்று கேட்கலாம். நம் தாய்மார்கள் பலர் டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். தமிழ் பேசும் தாதி இருந்தால் கூப்பிடச் சொல்லலாம். இல்லையென்றால் படித்த பிள்ளை ஒருவரைக் கூட்டிப் போகலாம். உதவ நினைக்கும் நாத்தனார் அன்றைக்குக் காரோட்டட்டும். வேர் மருந்து ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், கீமோவோடு மோதக்கூடும்.

மார்பகம் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ அடுத்த தவணை வரை பொறுக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமித் தொற்று உயிருக்கே ஆபத்து. அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், கீமோ நடக்கிறது என்பதை முகப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.