மந்தையோடு போய்விடும் பால்: வட கென்ய வறட்சியும் குழந்தைகளும்

இன்னைக்கு ஒரு சின்னப் பட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம். தையல்காரர் நாடா மாதிரி இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு நிறம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தையோட மேற்கையைச் சுற்றி அளப்பாங்க. 125 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தா மஞ்சள். 115-க்கும் கீழே போனா சிவப்பு. சிவப்புன்னா தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு, உடனே சிகிச்சை வேணும்.

வட கென்யாவில் துர்கானா, மார்சபிட் பகுதிகளில் 2020 கடைசியிலிருந்து 2022 கடைசி வரை ஐந்து மழைப் பருவங்கள் தொடர்ந்து பொய்த்தன. மழை இல்லை, அதனால சாப்பாடு இல்லைன்னு சொல்லிடலாம். ஆனா அது பாதிப் பதில்தான்.

அங்கே பெரும்பாலும் ஆடு, மாடு, ஒட்டகம் வளர்க்கிற மக்கள். சின்னக் குழந்தைகளுக்குச் சத்தான உணவு பால்தான். புல் காய்ந்ததும் ஆண்களும் பெரிய பையன்களும் மந்தையை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடித் தூரமாகப் போகிறார்கள். தாயும் சின்னக் குழந்தைகளும் ஊரிலேயே தங்குகிறார்கள். கவனிங்க, மாடு இன்னும் சாகவில்லை. ஆனா வீட்டில் பால் நின்னுபோச்சு.

மிச்சம் இருக்கிற ஆட்டை விற்கலாம்னா, மெலிந்த ஆட்டுக்கு விலை இல்லை. மக்காச்சோள விலையோ ஏறிக்கிட்டே போகுது. கடைசியில் குழந்தைக்குக் கிடைப்பது பால் சேராத சோளக் கஞ்சி. வயிறு நிறையும், சத்து சேராது.

அடுத்து தண்ணீர். பக்கத்துக் கிணறு வற்றினால் தாய் பல மணி நேரம் நடக்கணும். கைக்குழந்தை அக்காவிடம் இருக்கும். தாய்ப்பால் கொடுக்கும் நேரம் தள்ளிப்போகும். குழந்தையோட சின்ன வயிற்றுக்கு ஒரு நாளைக்குப் பல தடவை ஊட்டணும், அதுவும் குறையும். கொண்டுவந்த தண்ணீரும் கலங்கல். வயிற்றுப்போக்கு வந்தா பசி போகும், சாப்பிட்டதும் ஒட்டாது. மெலிந்த உடம்பில் அடுத்த நோய் சுலபமாகப் புகும். மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருக்கும்.

சிகிச்சை இருக்கு. வேர்க்கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துகள் சேர்த்த ஒரு பசை. தண்ணீர் கலக்க வேண்டாம், வீட்டிலேயே கொடுக்கலாம். குழந்தை தேறும். ஆனா திரும்புவது அதே பாலில்லாத வீட்டுக்குத்தானே?

எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதியில் வேற மாதிரி முயன்று பார்த்தாங்க. கறவை ஆடுமாடுகளில் சிலதை மட்டும் ஊரிலேயே நிறுத்தி, வறட்சி முற்றும் முன்பே தீவனம் கொடுத்தாங்க. குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது, எடை காக்கப்பட்டது. தீவனம் மாட்டுக்கு, பலன் குழந்தைக்கு.

அடுத்த தடவை வறட்சிச் செய்தியில் செத்த மாட்டின் படம் வந்தா, ஒரு கேள்வி கேளுங்க: அந்த வீட்டில் பால் எப்போ நின்றது? உதவி போயிருக்க வேண்டிய நாள் அதுதான்.