நகல் என்றால் இழிவா?



அச்சடித்த நகலை வீட்டில் மாட்டுவது போலிப் பெருமை என்றார் எதிரணி நண்பர். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு அது பொருந்தலாம். ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியத்துக்குப் பொருந்தாது.

ஹொக்குசாய் ஏறக்குறைய 1831ஆம் ஆண்டில் படைத்த 'பேரலை'யைப் பாருங்கள். அவர் வரைந்த தாளைச் செர்ரிமரப் பலகையில் ஒட்டிச் செதுக்கினார் ஒருவர். செதுக்கும்போதே அந்த மூலத்தாள் அழிந்துபோனது. இன்னொருவர் பல பலகைகளால் ஒவ்வொரு வண்ணமாக அச்சிட்டார். ஆயிரக்கணக்கில் வெளிவந்த அந்தப் படிகளைச் சாமானியர்களே வாங்கினார்கள். அப்படியானால், 'ஒரே அசல்' எங்கே இருக்கிறது?

எஞ்சிய பழைய படிகளை அரும்பொருளகங்கள் பெரும்பாலும் இருட்டில்தான் வைத்திருக்கின்றன. வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கிவிடும். தினமும் பார்க்க வேண்டுமானால் நமக்கு நகலே துணை. வான்கோவும் 1887இல் ஹிரோஷிகேயின் அச்சோவியங்களைப் பார்த்து வரைந்தவர்தான்.

ஆனால், நகலை நகல் என்றே சொல்லுங்கள். அதுவே நேர்மை. ஓரங்களை வெட்டிய படத்தை வாங்காதீர்கள். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். நம் நாட்டு ஈரப்பதத்தில் கண்ணாடியைத் தொடும் தாளில் பூஞ்சை பிடிக்கும். சட்டத்துக்குள் இடைவெளி விடுங்கள்.

அலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அதன் அடியில் 3 படகுகளில் மனிதர்கள் குனிந்து கிடக்கிறார்கள். அவர்கள் கரை சேர்ந்தார்களா என்று நம் பிள்ளை ஒருநாள் கேட்டால், அந்த நகல் தன் கடமையைச் செய்துவிட்டது.