இரண்டு காந்தாரங்களுக்கு நடுவே



கால்சுர இடைவெளிகளை எப்படி எழுதுவது, என்ன பெயரிட்டு அழைப்பது என்பதுதான் இந்தக் கருத்தரங்கின் பொருள். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்துக்கொண்டால், பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே 100 சென்ட் இருக்கிறது. அதைப் பாதியாக்கினால் 50. ஆக ஸ்தாயிக்கு 24 இடங்கள். கணக்கு இவ்வளவுதான். ஆனால் சச்சரவு மட்டும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஓயவில்லை. ஏன் என்பதற்கு எனக்குத் தோன்றும் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளவு சொல்கிற வேலையையும் குறியின் தலையிலேயே கட்டிவிட்டோம். சுரம் எந்த வரிசையில், யாருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று காட்டுவதற்கு மேல் குறியால் ஆகாது.

டமாஸ்கஸ் நகரில் மருத்துவராக இருந்த மிகாயில் மிஷாக்கா 1840 வாக்கில் எழுதிய நூலில் ஸ்தாயி 24 கால்களாகப் பிரிகிறது. ஆனால் அவர் காலத்துப் பாடகர்கள் எண்ணைப் பார்த்துப் பாடவில்லை. ராஸ்ட், தூகா, சீகா, ஜஹார்கா, நவா என்று முதன்மைச் சுரங்களுக்குப் பெயர் இருந்தது. அவற்றின் நடுவே நிற்கும் ஹிஜாஸ் போன்றவற்றுக்கும் இருந்தது. ஹிஜாஸுக்குச் சற்றுக் கீழே போனால் நீம் ஹிஜாஸ், சற்று மேலே போனால் தீக் ஹிஜாஸ். எத்தனை சென்ட் கீழே என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. ஊத் என்ற நரம்புக்கருவியை வாசிப்பவர் அதைக் கேட்பதும் இல்லை.

1932 மார்ச், ஏப்ரலில் கெய்ரோவில் முதலாம் ஃபுவாத் மன்னரின் ஆதரவில் அரபு இசை மாநாடு கூடியது. பார்ட்டோக், ஹிண்டமித் ஆகிய இசையமைப்பாளர்களும் கர்ட் சாக்ஸ், ஹார்ன்பாஸ்டல் ஆகிய இசை ஆய்வாளர்களும் வந்திருந்தார்கள். பிராகிலிருந்து அலோய்ஸ் ஹாபா வந்தார். அவருடைய கால்சுர ஓபரா முந்தைய ஆண்டுதான் மியூனிக்கில் அரங்கேறியிருந்தது. 24 சமப் பிரிவுகளை அரபு இசையின் பொது அளவாக ஏற்பதா என்ற கேள்வி வந்ததும் மாநாடு பிளவுபட்டது. இஸ்தான்புல்லின் இசையறிஞர் ரவூஃப் யெக்தா உடன்படவில்லை. எகிப்தியர் பாடும் சீகாவும் துருக்கியர் பாடும் சீகாவும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதுதான் முட்டுக்கட்டை. இரு தரப்புக்கும் பெயர் ஒன்றே, காதில் விழுந்தது வேறு. பெயர் அங்கே தோற்கவில்லை என்பதே என் கட்சி. இன்ன வரிசையில் மூன்றாவது சுரம் என்று அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அளவுகோலாக நிமிர்த்தப் போனபோதுதான் வம்பு வந்தது.

குறிகளின் நிலை இன்னும் மோசம். ஃபிளாட் குறியின் தண்டில் ஒரு கோடு கிழித்தால் அரபு நொட்டேஷனில் ஏறத்தாழ 50 சென்ட் இறக்கம். அதே குறி இன்றைய துருக்கி நொட்டேஷனில் நான்கு கோமா, அதாவது ஏறத்தாழ 90 சென்ட் இறக்கம். ஃபிளாட்டை இடவலமாகத் திருப்பி எழுதினால் ஐரோப்பிய நவீன இசையில் கால்சுரம், துருக்கியில் ஒரே ஒரு கோமா, 23 சென்ட்கூட நிறையாது. ஈரானிலோ அலி நகி வசீரி வகுத்த கோரோன், சோரி என்ற குறிகள் தனி வழி போகின்றன. மெக்சிகோவின் ஹூலியான் கர்ரியோ குறிகளையே ஒழித்து, ஸ்தாயியை 96 ஆக்கி எண்களாலேயே எழுதினார். எண்ணில் குழப்பமில்லை, உண்மைதான். ஆனால் 28 என்ற எண்ணைப் பார்த்து அது காந்தாரமா ரிஷபமா என்று எவராலும் சொல்ல முடியாது.

இந்தச் சண்டையில் நம் ஊருக்கும் பங்குண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், மிஷாக்காவைப் போலவே மருத்துவர், 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் 22 சுருதிக் கணக்கை மறுத்தார். ஸ்தாயியைச் சமமாக 24 அலகாகப் பகுக்க வேண்டும் என்றார். மறு ஆண்டு வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ அந்த வாதத்தைச் சிலப்பதிகாரம் வரை கொண்டுபோகிறது. அந்த நூலின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். இளங்கோவடிகள் சமப் பகுப்பைச் சொன்னார் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவையில் முணுமுணுப்புக் கேட்கிறது. கேள்வி நேரத்தில் வைத்துக்கொள்வோம்.

பண்டிதரின் கணிதத்தைவிட, கருநாடக இசையின் பெயரிடும் வழக்கமே இந்தக் கருத்தரங்குக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். நம்மிடம் சுரத்தானங்கள் 12, பெயர்கள் 16. ஒரே தானத்துக்குச் சதுஸ்ருதி ரிஷபம் என்றும் சுத்த காந்தாரம் என்றும் பெயர். கனகாங்கியில் அது காந்தாரம், கரகரப்ரியாவில் ரிஷபம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது. தோடியின் காந்தாரத்தைச் சாதாரண காந்தாரம் என்றுதான் எழுதுகிறோம். பாடும்போது அது எங்கெங்கே அசைகிறது என்பது குருமுகமாக வருகிறது. அதற்காக யாரும் புதுக் குறி கேட்டதில்லை.

இதே வழியில் கால்சுரங்களுக்குப் பெயரிட்டுப் பாருங்கள். 350 சென்ட் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே விழுகிறது. நடுக்காந்தாரம் என்று விட்டுவிடலாம். எட்டாம் நூற்றாண்டு பாக்தாதில் ஸல்ஸல் என்ற ஊத் கலைஞர் விரல் வைத்ததாக அல்ஃபாராபி குறிக்கும் இடமும், 27க்கு 22 என்ற விகிதத்தில், ஏறத்தாழ இங்கேதான் வருகிறது. அப்படியே 150 நடு ரிஷபம், 550 நடு மத்தியமம், 850 நடுத் தைவதம், 1050 நடு நிஷாதம். 250 வந்ததும் வேடிக்கை தொடங்குகிறது. அதைச் சதுஸ்ருதிக்கும் ஷட்ஸ்ருதிக்கும் இடைப்பட்ட ரிஷபம் என்றும் கொள்ளலாம், சுத்தத்துக்கும் சாதாரணத்துக்கும் இடைப்பட்ட காந்தாரம் என்றும் கொள்ளலாம். 950க்கும் இதே கதை. ஐரோப்பிய நூல்களில் மாற்றி மாற்றி எழுதப்படுகிற இடங்களும் இவைதான்.

எஞ்சிய ஐந்து, அதாவது 50, 450, 650, 750, 1150, எந்த வீட்டிலும் சேரவில்லை. ஒவ்வொன்றும் இரு வேறு சுரங்களுக்கு நடுவே நிற்கிறது. 550க்கு மேஜர் நான்காம் இடைவெளி என்றும் 650க்கு மைனர் ஐந்தாம் இடைவெளி என்றும் பெயர் வைத்தார் ரஷ்யாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த இவான் விஷ்னெக்ராட்ஸ்கி. கால்சுர ஹார்மனி பற்றிய அவருடைய கையேடும் கெய்ரோ மாநாடு நடந்த அதே 1932இல்தான் வெளிவந்தது. 550இல் அவர் பெயர் பொருந்துகிறது. இயற்கைத் தொனி வரிசையின் பதினோராம் ஒலி 551 சென்ட்டில் நிற்பதால் காதும் அதை ஒரு தனி இடமாக ஏற்கிறது. 650 அப்படி இல்லை. நமக்கோ பஞ்சமம் அசையாச் சுரம். அதற்கு மைனர் உண்டு என்று நம் பாடகர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. சட்ஜம், நடுக்காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்து ஒலித்தால் பஞ்சமத்தின் 700 சென்ட் சரிபாதியாகப் பிளக்கிறது. அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. ஐரோப்பியக் காதுக்கோ அது சுருதி விலகிய மேஜராகப் படும். சார்ல்ஸ் ஐவ்ஸ் இதைக் கண்டுகொண்டார். 1923, 24இல் இரண்டு பியானோக்களுக்குக் கால்சுரத் துண்டுகள் எழுதியவர் அவர். மூன்று சுரம் போதாது, கால்சுரக் கார்டு தன் காலில் நிற்க நான்காவதாக ஒன்று வேண்டும் என்று கருதி, மேலே இன்னொரு 350 சென்ட்டை ஏற்றினார். நம் பெயரில் அது நடு நிஷாதம். ச, நடுக்காந்தாரம், ப, நடு நிஷாதம் என்று சொன்ன மாத்திரத்தில் கார்டின் கட்டமைப்பு தெரிந்துவிடுகிறது. 0, 7, 14, 21 என்று கால்களை எண்ணிச் சொன்னால் சம இடைவெளி தெரியும். எந்தச் சுரம் எந்தச் சுரத்தைத் தாங்குகிறது என்பது தெரியாது.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டும்போது சென்ட் அளவைத் தனி வரியிலும் சுரப் பெயரைத் தனி வரியிலும் திரையில் இடுங்கள். இரண்டையும் ஒரே குறிக்குள் திணிக்க வேண்டாம். கோடிட்ட ஃபிளாட்டையோ திருப்பிய ஃபிளாட்டையோ பயன்படுத்துவோர் அரபு, துருக்கி, ஐரோப்பா ஆகிய மூன்றில் எந்த மரபு என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வீடற்ற அந்த ஐந்து இடங்களுக்குப் பெயர் வைக்க நாளை பிற்பகல் அமர்வு முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். 450ஐக் காந்தாரத்தில் சேர்க்க வேண்டும் என்போரும் மத்தியமத்தில் சேர்க்க வேண்டும் என்போரும் எதிரெதிர் வரிசையில் இப்போதே அமர்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. முதல் அமர்வு அரபு இசையின் பயாத்தி மகாமில் வரும் நடு ரிஷபத்தைப் பற்றியது. ஊத் சுருதி சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.