மூச்சுக்கும் ஓர் ஊக்குநர் உண்டு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது மூச்சைப் பற்றிப் பேசுவோம்.

எல்லோரும் மூக்கைப் பிடிச்சு, மூச்சை அடக்குங்க பார்க்கலாம். முடியலையா? கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு முட்டுது இல்லையா? நம்மை மீறி மூச்சு விட வைப்பது யார்?

அதுதான் முகுளம். மூளையின் அடியில், பிடரிக்கு உள்ளே, தண்டுவடம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். நம்ம குழு ஊக்குநர் மாதிரி அது! நாம் தூங்கினாலும் அது தூங்காது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைக்கு, நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை 'இழு' என்று உத்தரவு அனுப்பும். மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கரியமிலவாயு கூடும். உடனே முகுளம் நம்மை விரட்டும்.

இது ஏன் நமக்கு முக்கியம்? 37 வாரம் நிறையும் முன்னே பிறக்கும் குழந்தைக்கு இந்த ஊக்குநர் இன்னும் வேலை பழகவில்லை. அதனால் சில நேரம் மூச்சு விட மறந்துவிடலாம்.

ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அம்மா சொன்னார்: "எட்டு மாசத்துல பொறந்த எம்பேத்தி அப்பப்போ மூச்சு விடாம கெடக்குது. தோஷம்தான், மந்திரிக்கணும்." நாங்களும் கடன் விண்ணப்பம் எழுதும் அவசரத்தில் கேட்டும் கேட்காமல் இருந்துவிட்டோம். மறுநாள் குழந்தை நீலம் பாரித்துவிட்டது. வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் பார்த்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குழந்தை பிழைத்தது. ஆனால் ஒரு நாள் வீணானது எங்களால்தான். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

நினைவில் வையுங்கள்:

பச்சைக் குழந்தை 5 முதல் 10 விநாடி மூச்சை நிறுத்தி, பிறகு தானே தொடர்வது சாதாரணம்.

20 விநாடி நின்றாலோ, அதற்குள்ளேயே நீலமானாலோ, துவண்டாலோ ஆபத்து. உள்ளங்காலையும் முதுகையும் மெதுவாகத் தேய்த்து உசுப்புங்கள். குலுக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு திரும்பினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

அமைதியாக இருக்கும்போது எண்ணினால் நிமிடத்துக்கு 60 மூச்சோ அதற்கு மேலோ வந்தாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

ஆஸ்பத்திரியில் முகுளத்தை உசுப்ப கஃபீன் என்ற மருந்து தருவார்கள். காபியில் இருப்பதும் அதுதான். அதற்காக வீட்டில் காபி புகட்டிவிடாதீர்கள்! அளவு தவறினால் ஆபத்து.

குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சில் அணைத்து வைக்கும் 'கங்காரு' முறை 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. குறைமாதக் குழந்தைக்கு நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி வைக்கச் சொல்லி 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அப்பாவும் பாட்டியும்கூட வைக்கலாம்.

சகோதரிகளே, மந்திரிப்பது பிறகு இருக்கட்டும். முதலில் ஆஸ்பத்திரி. அடுத்த கூட்டத்தில் குறைமாதக் குழந்தை உள்ள வீடுகளை ஒவ்வொரு குழுவும் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நாங்கள் காது கொடுத்துக் கேட்போம்.