துறவும் துய்ப்பும்



மிசன் பாடசாலையிற் படித்த காலத்தில், இந்துக் குருமார் சிலருடைய ஆடம்பரத்தைக் கூறிச் சகபாடிகள் நகைத்தபோது நாம் விடை கூற இயலாது தலைகுனிந்ததுண்டு. அந்த விடையைத் தேடியதன் பயனே இப்பேச்சு.

பகவான் என அழைக்கப்பெற்ற ரஜனீஷ் 1981இல் அமெரிக்கா சென்றார். ஒறிகன் மாநிலத்தில் ஏறக்குறைய 64,000 ஏக்கர் நிலத்தில் அவருடைய அடியார்கள் ஒரு நகரையே எழுப்பினர். நெடுநேரம் கூலியின்றி உழைத்தனர். அவ்வுழைப்புக்கு வழிபாடு என்று பெயர். குருவுக்கோ 90க்கு மேற்பட்ட றோல்ஸ் றொய்ஸ் வண்டிகள் சேர்ந்தன. அவர் அவற்றில் பவனி வர, அடியார்கள் வழியோரம் நின்று கைகூப்பினர். 1985இல் கைதாகி, குடிவரவுச் சட்டக் குற்றங்களுக்காகத் தண்டம் இறுத்து நாடுநீங்கினார்.

அவர் வறுமையைப் போதித்தவரல்லர், செல்வத்தை மறைத்தவருமல்லர். ஆயின், பற்றைக் கடந்தவரைப் பொருள் தீண்டாது என்று அடியார்கள் சமாதானம் கூறினர். இங்கேதான் நாம் விழித்திருத்தல் வேண்டும். பற்றற்றவருக்குப் பொருள் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றே. அவ்வாறாயின் ஒரு வண்டி போதாதா? இல்லாமையினாற் சோதிக்கப்படாத பற்றின்மையை எவ்வாறு நம்புவது?

1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகள் கொழும்புத்துறையில் ஒரு சிறு கொட்டிலில் வாழ்ந்தார். செல்வரும் உத்தியோகத்தரும் அவரைத் தேடி வந்தனர், அக்கொட்டில் மாளிகையாகவில்லை.

இவ்வாறு ஆராய்வது குருநிந்தை என்பர் சிலர். திருவள்ளுவர் துறவறவியலிற் கூடாவொழுக்கத்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ? ஆராயாமையின் விலையையும் நாம் அறிவோம். மாத்தளையிற் பிறந்து, தமிழ்நாட்டில் ஆச்சிரமம் அமைத்த பிரேமானந்தா, அங்கிருந்த பெண்பிள்ளைகளைப் பலாத்காரஞ் செய்தமைக்கும் ஒரு கொலைக்குமாக 1997இல் ஆயுட்டண்டனை பெற்றார். அப்பிள்ளைகளுள் இலங்கையரும் இருந்தனர். சுவாமிகள் குற்றங்கடந்தவர் என்று பெரியோர் கண்மூடினால், அழுவது அநாதைச் சிறுமியரே.

நண்பர்களே, அந்த வண்டிகள் அடியார்களின் காணிக்கையாலும் உழைப்பாலுமே வந்தன. ஆதலின் குற்றத்திற் பாதி எம்மைப் போன்ற அடியாருடையது. குருவை வணங்குவோம், வணங்குமுன் அவர் எவ்வாறு வாழ்கின்றார், அவருக்காக உழைப்பவர் எவ்வாறு வாழ்கின்றார் என்று பார்ப்போம். எம் சமயம் கேள்விக்கு அஞ்சுவதன்று. அன்றைய சகபாடிகளுக்கு இன்று நாம் கூறும் விடையும் இதுவே.